மலிவும் மாண்பும்

ஏழைக்கென்று ஒரு பொருளைச் செய்கிறோம். அவன் வாங்க வேண்டுமே என்று விலையைக் குறைக்கிறோம். குறைத்த விலைக்கேற்பப் பொருளின் தரமும் குறைந்துவிடுகிறது. இப்போது நாம் செய்தது உதவியா, அவமதிப்பா? வினா எளிதாகத் தோன்றலாம்; விடை அத்துணை எளிதன்று. கையில் ஏந்தும் கணிப்பொறியை எளியோர்க்கும் எட்டச் செய்ய நம் நாட்டில் எடுக்கப்பட்ட இரு முயற்சிகளை முன்வைத்து இதனைச் சற்றே சிந்திப்போம்.

மண்ணச்சநல்லூரை நாம் அறிவோம். கொள்ளிடத்தின் வடபுறத்தே, அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற ஊர். பொன்னி அரிசி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது அவ்வூரே. அந்த ஆலையொன்றில் மூட்டை சுமக்கும் தந்தை ஒருவர், மகளின் படிப்புக்கென்று கம்பியில்லா இணைப்புள்ள பலகைக் கணினி ஒன்றைத் தேடி, 2011ஆம் ஆண்டில் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து திருச்சிக் கடைத்தெருவுக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வாண்டு சனவரியில் இந்தியச் சந்தைக்கு வந்த ஐபேடின் தொடக்க விலை ரூ. 27,900. விலையைக் கேட்ட மாத்திரத்தில், ஊர் திரும்பும் பேருந்தைத்தான் அவர் தேடியிருப்பார்.

இத்தகையோரை மனத்திற்கொண்டு முன்பே தோன்றியது சிம்ப்யூட்டர். 1998இல் பெங்களூரில், வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி நடந்த கருத்தரங்கில் அரும்பிய எண்ணம் அது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர் என்கோர் நிறுவனத்தாரோடு சேர்ந்து அதற்கு உருக்கொடுத்தனர். 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவி வெளியிடப்பட்டது. ஏறத்தாழ ரூ. 9,000 விலையில் தர வேண்டும் என்பது அவர்களது நோக்கம். அதுவும் ஏழைக்குப் பெருந்தொகையே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆகவே ஓர் அரிய வழி கண்டனர்: கருவி ஊருக்குப் பொது, ஆளுக்கொரு சிறு அட்டை மட்டும் சொந்தம். அட்டையைச் செருகினால் அவரவர் குறிப்புகள் திரையில் வரும். எடுத்துவிட்டால் அடுத்தவர் பயன்படுத்தலாம். எழுத்தறியாதவரும் ஒதுக்கப்படாதபடி, எழுத்தை ஒலியாக்கிச் சொல்லும் ஏற்பாடும் இருந்தது. 2004 மார்ச்சில் 'அமிடா' என்ற பெயரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக, ரூ. 9,950 முதல் விற்பனைக்கு வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. அதற்குள் கைப்பேசி ஊர்தோறும் பரவத் தொடங்கியிருந்தது.

அடுத்து வந்தது 'ஆகாஷ்'. 2011 அக்டோபர் 5 அன்று, மைய மனிதவள மேம்பாட்டு அமைச்சராயிருந்த கபில் சிபல் புதுதில்லியில் அதனை வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனத்திடமிருந்து அரசு வாங்கிய விலை ரூ. 2,276; மாணவருக்கு ரூ. 1,750 என்றனர். ஐபேடின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! நாடெங்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் கையில் வாங்கியோர் வேறு கதை சொன்னார்கள். திரை தொட்டதற்கு இசையவில்லை, அழுத்தினாலே அசைந்தது. பொறி மெல்ல நடந்தது. மின்கலம் விரைவில் ஓய்ந்தது. மேம்படுத்தப்பட்ட 'ஆகாஷ்-2' அடுத்த ஆண்டு நவம்பரில் வந்தது. எனினும் முதல் மதிப்பீடு மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

"ஒன்றும் இல்லாததற்கு இது மேல் அல்லவா?" என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அரிசி ஆலையையே எடுத்துக்கொள்வோம். நெல்லை அரைத்தால் முழு அரிசியும் கிடைக்கிறது, நொய்யும் கிடைக்கிறது. நொய் இழிந்த பொருளன்று. நொய்க்கஞ்சி எத்தனையோ குடும்பங்களின் பசியாற்றியிருக்கிறது. நொய்யை நொய் என்று சொல்லி, நொய்யின் விலைக்கு விற்பவர் நேர்மையான வணிகரே. நொய்யை அள்ளிக் கொடுத்து, "இதுவும் பொன்னிதான், உனக்கு இது போதும்" என்று சொல்லும்போதுதான் தவறு நுழைகிறது.

உணவிலாவது ஓர் ஆறுதல் உண்டு. நொய் உண்பவருக்குத் தாம் உண்பது நொய் என்று தெரியும். கருவியில் அப்படியன்று. முன்பின் கணிப்பொறியைத் தொட்டறியாத ஒரு சிறுமி, தன் விரலுக்குத் திரை இசையாதபோது என்ன நினைப்பாள்? பொறி மந்தம் என்று நினைப்பாளா? தனக்குத்தான் வரவில்லை என்று எண்ணிக்கொள்வாள். பொருளின் குறையைத் தன் குறையாக ஏழை சுமக்க நேர்வதே மலிவின் மறைவான விலை. அந்த விலை எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. கம்பியில்லாக் கருவி என்கிறோம். ஆயினும் அருகில் எங்கேனும் ஒரு கம்பியோ கோபுரமோ இணைப்பைக் கொணர்ந்து சேர்த்தால்தான் அது பேசும். முதல் ஆகாஷ் வைஃபை இணைப்பையே நம்பியிருந்தது. அந்நாளில் எத்தனை கூலித் தொழிலாளர் வீடுகளில் வைஃபை இருந்தது? ஊராட்சிகளுக்கு ஒளியிழை வடம் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2011 அக்டோபர் 25 அன்றுதான். கருவி வெளிவந்து இருபது நாள் கழித்து! வாய்க்கால் வெட்டும் முன்னே ஏற்றம் வாங்கிக் கொடுத்தாற்போல் ஆயிற்று.

இதற்கு எதிராக இரு காட்சிகளை நிறுத்திப் பார்க்கலாம். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில், அரசுப் பள்ளி மாணவர் கைக்கும் மடிக்கணினி வந்தது. அங்கே பொருளை ஏழையின் பணப்பைக்கேற்பச் சுருக்கவில்லை. விலையைப் பொதுமக்கள் பணம் சுமந்தது. மற்றொன்று, 2020இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட காலம். ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகள் பல. அது இல்லாத வீடுகளிலும், முந்தைய ஆண்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடம் சொன்னது. புதுமை அதில் குறைவுதான். ஆனால் ஏற்கெனவே வீட்டில் இருந்த பெட்டியில் அது தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே, மலிவு தீதென்று நாம் சொல்லவில்லை. மலிவாகச் செய்வது ஓர் அறம். அதற்குக் கூர்த்த அறிவும் பெருத்த உழைப்பும் வேண்டும். பத்துப் பேருக்குப் பயன்படாத பத்துக் கருவிகளைவிட, ஊர் நூலகத்தில் இணைப்போடு இருக்கும் நல்ல கருவி ஒன்று மேலானது என்பதையே சிம்ப்யூட்டரின் சிறு அட்டை நமக்குச் சொல்லிச் சென்றது. விற்பனையில் அது தோற்றிருக்கலாம். அதன் எண்ணம் தோற்கவில்லை.

பள்ளிக்கோ, மன்றத்துக்கோ, அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ நாம் ஒன்றைக் கொடுக்க முற்படும் நாள் வரும். அப்போது "இது என்ன விலை?" என்ற கேள்வியோடு நில்லாமல், "இதை என் பிள்ளைக்குக் கொடுப்பேனா?" என்றும் கேட்டுப் பார்ப்போம். அதற்குத் தயங்காமல் ஆம் என்று சொல்ல முடிந்தால், அப்பொருள் எத்துணை மலிவாயினும் அது மாண்புடைய கொடையே.