யாருடைய அபிவிருத்தி?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அல்கோமாப் பல்கலைக்கழகம் சமுதாய அபிவிருத்தியை ஒரு கற்கைநெறியாகப் போதிக்கின்றது. அதன் பிரதான கட்டடமோ, 1970 வரை ஆதிக்குடிச் சிறுவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தாய்மொழியை மறக்கச்செய்த சிங்வோக் வதிவிடப் பாடசாலையாயிருந்தது. அதை நடத்தியோரும் அச்செயலை முன்னேற்றமென்றே கருதினர். எனவே, ஒரு சமுதாயத்தின் நன்மையைப் பிறர் நிர்ணயித்தல் தகுமா என்பதே ஈண்டெழும் வினா.

நல்லெண்ணம் போதும் என்பார் உளர். 19ஆம் நூற்றாண்டிலே அனிசினாபே மக்களின் தலைவர் சிங்வோக் தாமே ஒரு கல்விக்கூடம் வேண்டினார் என்பதும் மெய்யே. ஆயின் அவர் வேண்டியது தம் மரபை இழவாமற் புதியன கற்றலையே. பாடசாலையின் பெயர் அவருடையதாயிற்று, பாடத்திட்டம் பிறருடையதாயிற்று.

இன்று அதே வளாகத்தில் அனிசினாபே மக்கள் தாமே நிறுவிய சிங்வோக் கினூமாகே கமிக் என்னும் உயர்கல்விக்கூடமும் இயங்குகின்றது. அங்கு பாடங்களை வகுப்போர் அவர்களே.