அடியும் முடியும்

ஞானசம்பந்தர் பதிகங்களை ஓதி வருகிறவர்களுக்கு, எட்டாம் பாட்டும் ஒன்பதாம் பாட்டும் எங்கே போய் நிற்கும் என்று பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும். எட்டாவதில் இராவணன் மலைக்கடியில் நெரிபடுவான். ஒன்பதாவதில் அயனும் மாலும் சிவனின் முடியையும் அடியையும் தேடித் தேடிக் களைப்பார்கள். ஊர் மாறும், பண் மாறும், இந்தத் தேடல் மட்டும் மாறாது. சம்பந்தப் பிள்ளைக்கு இது ஏன் அலுக்கவே இல்லை என்பதை, ஒரு மகா சிவராத்திரி நள்ளிரவில் திருவண்ணாமலை எனக்குக் காட்டிக் கொடுத்தது.

கருவறைக்குப் பின்புறம் லிங்கோத்பவர் சந்நிதி. நகர இடமில்லாத கூட்டம். முன்பின் தெரியாத பாட்டி ஒருவர் என் தோளைப் பற்றிக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தார். அபிஷேகப் பால் கல்மேனியில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணும் அதோடு இறங்கியது. லிங்கோத்பவருக்குப் பாதம் வடிப்பதில்லை, அது மரபு. நகக்கண் வரைக்கும் கல்லில் கொண்டுவரத் தெரிந்த சிற்பி, இந்த இடம் வந்ததும் உளியைக் கீழே வைத்துவிடுகிறான். அதைவிடப் பெரிய பூசை எது?

அப்போது தாழம்பூ மணம் வந்தது. அன்னமாய்ப் பறந்த பிரமன் முடியைக் கண்டதாகப் பொய் சொல்ல, அதற்குச் சாட்சி நின்ற பூ. சிவபூசைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பூவை, இந்த ஓர் இரவில் இங்கே அவருக்கே சாத்துகிறார்கள். பொய்யையும் மார்பில் ஏற்கிற கருணை! உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வெளியே மலை. அதன் உயரம் 2,668 அடி என்று அளந்து வைத்திருக்கிறோம். சுற்றிவர 14 கிலோமீட்டர் என்றும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஏன் இருக்கிறது? இல்லாமலே போயிருக்கலாமே! மலையும், தாழை மணமும், தோளில் அழுந்தும் அந்தக் கையும், இத்தனையையும் பார்த்து நிற்க நான் என்று ஒருவனும், யார் கேட்டு வந்தது இதெல்லாம்? எந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் இதை அளப்பேன்? விடை கிடைக்கவில்லை, ஆனந்தம் கிடைத்தது. தொண்டை அடைத்து, கண்ணீர் தானாக வழிந்தது. தெரியாமை இவ்வளவு இனிக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“பார்த்தாச்சாப்பா?” என்றார் பாட்டி. தலையாட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது. “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று கூட்டம் முழங்க, நானும் குரல் கம்ம முழங்கினேன்.

திருமால்மேல்தான் எனக்கு அன்பு பெருகுகிறது. பன்றியாய்ப் பாதாளம் வரைக்கும் அகழ்ந்து போய், காண முடியவில்லை என்று உள்ளதைச் சொல்லித் திரும்பியவர் அவர். அண்ணாமலையானே, அன்னத்தின் சிறகு எனக்கு வேண்டாம். உன் அடி தேடி மண்ணைக் கிளறிய அந்தப் பன்றியின் மூக்கில் ஒட்டியிருந்த புழுதியைக் கொடு, பூசிக்கொள்கிறேன்.