செய்திக்கு விலை கொடுப்பவர் யார்?

அரிசியை ஒருவர் வாங்கிச் சென்றால் அந்த அரிசி மற்றவருக்கு இல்லை. செய்தியின் இயல்பு அத்தகையதன்று. ஆயிரம் பேர் அறிந்தாலும் அது அணுவளவும் குறைவதில்லை. ஆயினும் அதைத் தேடிச் சென்று, மெய்யும் பொய்யும் பிரித்து, எழுத்தில் வடித்துத் தருபவருக்கு வயிறு உண்டு, குடும்பம் உண்டு. குறையாத பொருளுக்கும் கூலி கேட்கும் உழைப்புக்கும் இடையே உள்ள இந்த முரண்பாட்டிலிருந்தே நாம் ஆராயப் புகும் வினா பிறக்கிறது. செய்திக்கு விலை கொடுப்பவர் யார்? கொடுப்பவருக்கு அச்செய்தியின்மீது உரிமை ஏதும் உண்டா?

அச்சுக் காலத்தில் இவ்வினா பெரும்பாலும் மறைந்தே கிடந்தது. வாசகர் ஒரு சிறு தொகை கொடுத்தார். செலவின் பெரும்பகுதியை விளம்பரதாரர் ஏற்றார். இணையம் பரவியபோது வேலை, வீடு, பழைய வண்டி ஆகியவற்றுக்கான விளம்பரங்கள் பத்திரிகையை விட்டுத் தனித்தனித் தளங்களுக்குப் பெயர்ந்தன. இணைய விளம்பரப் பணத்திலும் பெரும்பங்கைக் கூகுள், பேஸ்புக் போன்ற நிறுவனங்கள் வாரிக்கொண்டன. மறைந்து கிடந்த வினா வெளியே வந்து நின்றது. நாடு தழுவிய பத்திரிகையொன்று அதற்கு எவ்வாறு விடை தேடியது என்பதை அறிய இங்கிலாந்தின் ‘கார்டியன்’ தக்க சான்றாகும்.

1819இல் மான்செஸ்டர் நகரில், நாடாளுமன்றச் சீர்திருத்தம் வேண்டிக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. பீட்டர்லூ படுகொலை எனப்படும் அந்நிகழ்ச்சியின் பின்னே, 1821இல், ஜான் எட்வர்ட் டெய்லர் என்பவர் இப்பத்திரிகையை வார இதழாகத் தொடங்கினார். விலை ஏழு பென்னி. அதில் நான்கு பென்னி அரசின் முத்திரை வரி. ஏழைத் தொழிலாளி தனியே வாங்க இயலாத விலை அது. ‘அறிவின்மீது விதித்த வரி’ என்று எதிர்ப்பாளர்கள் அதனைச் சாடினர். 1855இல் அவ்வரி நீங்கியதும் இதழ் நாளேடாயிற்று. விலையும் இரண்டு பென்னியாக இறங்கிற்று. ஆகவே செய்தியைச் சுற்றி எழும் சுவர் இணையக் காலத்துப் புதுமை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. அன்று அரசு எழுப்பிய சுவரை இன்று பத்திரிகைகளே எழுப்பிக்கொள்கின்றன.

ஐம்பத்தேழு ஆண்டுகள் அதன் ஆசிரியராக விளங்கிய சி. பி. ஸ்காட், 1921இல் எழுதிய நூற்றாண்டுக் கட்டுரையில் இப்பொருளை ஆராய்ந்துள்ளார். பத்திரிகை ஒரு தொழிலாயினும் அதற்கு அறவாழ்வும் ஒன்று உண்டு என்பது அவர் துணிவு. 1936இல் அவர் மைந்தர் ஜான் ஸ்காட், பத்திரிகையின்மீது தமக்கிருந்த உடைமையைத் துறந்து அதனை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். இறப்பு வரியால் நிறுவனம் சிதையும் என்ற அச்சமும் அதற்கொரு காரணமே. எனினும், ஒரு பொருளைத் தன் உரிமையினின்று விடுவித்து ஒரு பணிக்கென நிலைநிறுத்தும் வக்பு முறையை அறிந்த நமக்கு, அவ்வேற்பாட்டின் உட்கருத்து எளிதில் விளங்கும்.

இணையக் காலத்தில் பத்திரிகைகள் இரு வழிகளில் பிரிந்தன. 2010இல் இலண்டன் ‘டைம்ஸ்’ தன் இணையதளத்தைச் சந்தாதாரருக்கு மட்டுமே உரியதாக்கிற்று. 2011இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ மாதம் இருபது கட்டுரைகளை இனாமாகத் தந்து, அதற்குமேல் படிப்போரிடம் கட்டணம் கேட்டது. மறு ஆண்டே வாசகர் தந்த தொகை அதன் விளம்பர வருவாயை விஞ்சிற்று. கார்டியனோ அதே 2011இல், அச்சுக்கு முன்னே இணையம் என்ற கொள்கையை அறிவித்ததோடு, இணையதளத்தின் கதவையும் எல்லார்க்கும் திறந்தே வைத்தது.

திறந்த கதவுக்கும் செலவு உண்டு. பழைய மோட்டார் வண்டிகளின் விற்பனைக்குரிய ‘ஆட்டோ டிரேடர்’ நிறுவனத்தின் வருவாயே பல ஆண்டுகள் பத்திரிகையின் நட்டத்தைத் தாங்கியது. 2014இல் அந்நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை அறக்கட்டளையின் குழுமம் 60 கோடி பவுனுக்கு மேல் விற்று நிதியமாக்கிற்று. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் நட்டம் பெருகி அந்நிதியையே தின்னத் தொடங்கிற்று. 2016இல் நடைமுறைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கத் திட்டமிட்டனர்; பலர் வேலை இழந்தனர். 2018இல் தாளின் அளவையும் சுருக்கினர். அத்துடன், கட்டுரையின் அடியில் வாசகரை நோக்கி, இயன்றதைத் தாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டனர். 2019இல் மாதந்தோறும் பணம் தருவோர் ஆறரை இலட்சத்தைத் தாண்டினர். அவ்வாண்டுக் கணக்கில் 8 இலட்சம் பவுன் இலாபம் நின்றது. மொத்த வருவாயில் பாதிக்கு மேல் இணையத்தின் வழியே வந்தது.

இவ்விரு வழிகளின் வேறுபாட்டை நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். சந்தா செலுத்திச் சுவரைக் கடப்பவர் தாம் படிப்பதற்கு விலை தருகிறார். திறந்த கதவின் முன்னே பணம் தருபவரோ, தராமலும் படிக்கலாம் என்று அறிந்தே தருகிறார். அவருடைய காசு முகமறியாத மற்றொருவரிடமும் செய்தியைக் கொண்டு சேர்க்கிறது. முன்னது கொள்முதல், பின்னது கொடை.

சுவர் எழுப்பியோர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. உழைப்பவன் கூலி பிறர் இரக்கத்தில் தொங்கலாகாது என்பர் அவர்கள். கொடுக்காமல் எடுப்போர் கொடுப்போர் தோளில் ஏறிச் செல்கின்றனர் என்பதும் மெய். ஆனால் 2012 அக்டோபரில் சாண்டி என்னும் பெரும்புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, நியூயார்க் டைம்ஸ் தன் சுவரைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. உயிர்காக்கும் செய்தியை விலைபேசலாகாது என்பதைச் சுவர் கட்டியவரும் உணர்ந்திருந்தனர். புயல் ஒன்றுதானா ஆபத்து? போரும் கொள்ளைநோயும் தேர்தலும் புயலுக்குக் குறைந்தவை அல்லவே. ஒரு நாட்டில் மெய் விலைக்கும் பொய் இனாமாகவும் கிடைக்குமாயின், ஏழையின் காதில் முதலில் எது விழும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆதலால் திறந்த கதவே மேல் என்று முடித்துவிடலாமா? அதற்குள்ளும் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. பணம் தருபவர் எவராயினும் அவர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். முன்னாளில் விளம்பரதாரரின் முகம். இந்நாளில் கொடையாளரின் முகம். பின்னதே அதிக அச்சத்துக்குரியது. விளம்பரதாரரை ஆசிரியர் ஐயத்துடன் நோக்கினார். தம்மை நேசித்துக் கொடுப்பவரை அவ்வாறு நோக்க எவருக்கு மனம் வரும்?

கார்டியன் 2020இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்களின் விளம்பரங்களையும், 2023இல் சூதாட்ட விளம்பரங்களையும் மறுத்தது. வாசகர் பணம் தந்த துணிவும் இதற்கு உதவியது எனலாம். ஆனால் கொடையாளர் மகிழும் மறுப்பு எளிய மறுப்பே. 2023இல் டெய்லரும் அவருக்கு முதல் தந்தோரும் ஈட்டிய பருத்திச் செல்வத்தில் அடிமை முறையின் கறை இருந்ததை ஆய்ந்து வெளியிட்டு, அறக்கட்டளை மன்னிப்புக் கோரியது. தன் பணத்தின் ஊற்றையே தோண்டிப் பார்ப்பது சற்றுக் கடினமான செயல். மறுபுறம், 2025இல் 1791ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ‘அப்சர்வர்’ வார இதழை, இதழாளரின் வேலைநிறுத்தத்தையும் மீறி அக்குழுமம் விற்றது. அறத்துக்கென நிறுவப்பட்டதும் வரவு செலவுக் கணக்கிலிருந்து தப்புவதில்லை.

நம் வினாவுக்குத் திரும்புவோம். விலை கொடுப்பவர் யாராயினும் ஆகுக. அவருக்கு வேம்பாகும் உண்மையை அவர் முகத்துக்கு நேரே சொல்லப் பத்திரிகைக்கு இயலுமா என்பதே உரைகல். இச்சோதனை பத்திரிகைக்கு மட்டும் உரியதன்று, வாசகருக்கும் உரியது. தம் கொள்கைக்கு மாறான உண்மையைப் படித்து முகம் சுளித்த வாசகர், அடுத்த மாதமும் தம் பங்கைச் செலுத்துவாராயின் அது கொடையாகும். நிறுத்திவிடுவாராயின், அதுவரை அவர் கொடுத்தது தம் கருத்துக்கு வாங்கிய ஆமோதிப்பின் விலையே.