பயன் காணா உழைப்பு

“இதனால் என்ன பயன்?” உழுபவன் இதைக் கேட்கின்றான், வணிகன் கேட்கின்றான், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயும் கேட்கின்றாள். கேட்பது குற்றமன்று. வயிறு உள்ளவரையில் இவ்வினாவும் இருக்கும். ஆயினும், உலகில் உள்ள எல்லாவற்றையும் இந்த ஒரே படியால் அளந்துவிடலாமா? தன் வாழ்நாளில் பயனைக் காண்போம் என்ற உறுதி சிறிதும் இல்லாத ஒரு வேலைக்கு, அறிவுடைய ஒருவன் தன் வாழ்நாளையே கொடுப்பது தகுமா? அது பேதைமை ஆகாதா? இதுவே யான் நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்பும் பொருள்.

யான் தாசேக் கெலுகோரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், இன்னார் இத்தனை குலை வெட்டினார் என்று எழுதுவதும், மாத முடிவில் சம்பளக் கணக்கை முடிப்பதும் என் தொழில். அளப்பதே என் பிழைப்பு. செக்ரோலில் ஏறாத உழைப்புக்குக் கூலி இல்லை. இப்பழக்கம் ஏட்டோடு நின்றுவிட்டால் நன்று. அஃது ஏட்டிலிருந்து மனத்துக்கும் ஏறிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். அப்பெண் ஆறாம் படிவத்தில் நன்கு தேறியிருந்தாள். “கிராணி ஐயா, இவள் பௌதிகம் படிக்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வானத்தையும் நட்சத்திரத்தையும் பற்றிய படிப்பாம். நீங்கள் இங்கிலீஷ் படித்தவர்கள். சொல்லுங்கள், அதைப் படித்தால் சோறு கிடைக்குமா?” என்றார். யான் ஒரு நொடியும் தயங்கவில்லை. “கணக்கியல் படிக்கட்டும், வேலை நிச்சயம்” என்றேன். தந்தை மனநிறைவோடு கும்பிட்டார். மகள் ஒன்றும் பேசாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னர், பெங்களூர் விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அன்றுமுதல் யான் கூறிய அந்த விடை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

அவர் பெயர் சி. வி. விசுவேசுவரா. 1938-ம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்கா சென்று, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மிஸ்னர் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராக அமர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ கண்ணுக்குப் புலப்படாதது. பொருள்களின் பளு தம்மைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கிறது; அவ்வளைவையே நாம் ஈர்ப்பு என்கிறோம் என்பது 1915-ல் ஐன்ஸ்டீன் வகுத்த பொதுச் சார்புக் கொள்கையின் சாரம். குளத்தில் கல்லெறிந்தால் அலை பரவுவதுபோல, பெரும் பொருள்களின் அசைவால் அவ்வளைவும் அலையாகப் பரவும் என்று 1916-ல் அவரே கூறினார். அதே ஆண்டில் சுவார்ஸ்சைல்ட் என்னும் ஜெர்மானியர் அக்கொள்கையின் சமன்பாடுகளுக்கு ஒரு விடையை வெளியிட்டார். ஒளியும் தப்ப இயலாத கருந்துளை அவ்விடைக்குள் மறைந்திருந்தது.

அத்தகைய கருந்துளை ஒன்று உண்டானால், அதைத் தீண்டும்போது என்ன ஆகும்? சிதைந்து போகுமா? நிலைத்து நிற்குமா? நிலைத்தே நிற்கும் என்று விசுவேசுவரா கணித்துக் காட்டினார். அடுத்து, ஈர்ப்பலை ஒன்று அதன்மேல் மோதினால் திரும்பி வரும் அலை எவ்வாறிருக்கும் என்று ஆராய்ந்தார். பெரட்டு மணியை அடித்தால் ஓசை எழுந்து, மெல்ல ஓய்ந்து, அடங்குகிறதன்றோ? கருந்துளையும் அவ்வாறே அதிர்ந்து அடங்கும் என்பது அவர் கண்ட விடை. மணியைப் பாராமலே, ஓசையைக் கொண்டு அது பெரிதா சிறிதா என்று சொல்லிவிடலாம். அதுபோல, அவ்வதிர்வைக் கொண்டு கருந்துளையின் பளுவைச் சொல்லலாம்.

இது வெளிவந்தது 1970-ல். அப்போது அவருக்கு வயது 32. ஏறக்குறைய இன்று என் வயது. கருந்துளை ஒன்றையேனும் எவரும் உறுதியாகக் கண்டறிந்திராத காலம் அது. ஈர்ப்பலையை ஐயமற உணர்ந்த கருவியும் உலகில் எங்கும் இல்லை. மணி உண்டோ இல்லையோ தெரியாது. கேட்கும் செவியும் இன்னும் பிறக்கவில்லை. அந்நிலையில் ஒருவர் அதன் ஓசையை எழுதி வைத்தார்!

செவி பிறக்க 45 ஆண்டுகள் சென்றன. 2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் என்னும் இரண்டு இடங்களில், நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளை உடைய லைகோ கருவிகள் ஓர் அலையை உணர்ந்தன. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் பளுவுள்ள இரு கருந்துளைகள் ஒன்றாகக் கலந்தபோது எழுந்த அலை அது. ஒளியே ஏறத்தாழ 130 கோடி ஆண்டு பயணம் செய்ய வேண்டிய தொலைவிலிருந்து அது வந்தது. நான்கு கிலோமீட்டர் நீளத்தில் அஃது உண்டாக்கிய மாற்றம், அணுவின் உட்கருவிலுள்ள ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவினது. அவ்வலையின் இறுதிப்பகுதி, விசுவேசுவரா எழுதி வைத்தவாறே அதிர்ந்து அடங்கியது. செய்தி 2016 பிப்ரவரி 11-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் அதைக் கேட்டார். 2017 ஜனவரி 16-ல் மறைந்தார். 2025 ஜனவரி 14-ல் வந்த வேறோர் அலையில் அந்த ஓசை முன்னிலும் தெளிவாகக் கேட்டது. அப்போது அவர் இல்லை.

“பார்த்தீரா! பயன் இறுதியில் கிடைத்துவிட்டதே!” என்று நேயர் கூறலாம். அவ்விடையில் எனக்கு நிறைவில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த, நம் தமிழ்க் குடும்பத்தவரான சந்திரசேகர், 1975-ல் டெட்வைலர் என்பவருடன் சேர்ந்து அவ்வதிர்வின் அளவுகளை நுணுகிக் கணக்கிட்டார். அவர் 1995-லேயே காலமானார். ஓசை அவர் செவிக்கு எட்டவில்லை. அதனால் அவர் கணக்கு பிழையாயிற்றா? ஒருவர் கேட்டார், ஒருவர் கேட்கவில்லை. இருவர் உழைப்பும் ஒரு தன்மையதே. ஆதலின், காண நேர்ந்ததைக் கொண்டு உழைப்பின் மதிப்பை நிறுத்தல் ஆகாது.

“நாளை இதிலிருந்து ஏதேனும் ஒரு கருவி பிறக்கும், உலகம் பொருள் ஈட்டும்” என்று கூறுவாரும் உளர். பிறக்கலாம். ஆனால் அஃது உழைப்பைக் கடனாக அடுத்த மாதச் செக்ரோலில் ஏற்றும் தந்திரமே ஒழிய வேறன்று. உண்மையை உண்மை என்பதற்காகவே அறிவது மனிதனுக்கு உரியதா என்பதே வினா. உரியது என்பேன். பயனை மட்டும் நாடிய மாடும் புல்லைக் கண்டுகொள்கிறது. இரவில் தலை நிமிர்த்தி, “அங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்டவன் மனிதன் ஒருவனே.

பயனைக் கண்டே தீரவேண்டும் என்ற ஆவல் உழைப்பைக் கெடுப்பதும் உண்டு. அதே மேரிலாந்தில் ஜோசப் வெபர் என்றொரு பேராசிரியர் இருந்தார். பெரிய அலுமினிய உருளைகளை அமைத்து ஈர்ப்பலையைத் தேடத் துணிந்த முதல் மனிதர் அவர். 1969-ல், கண்டுவிட்டேன் என்று அறிவித்தார். பிறர் அத்தகைய கருவிகளை அமைத்துப் பார்த்தனர், ஒன்றும் கேட்கவில்லை. அவரோ இறுதிவரை தம் சொல்லை விடவில்லை. அவர் துணிவை இகழ்தல் நன்றியின்மை. அவர் திறந்த வழியிலேயே பிறர் நடந்தனர். ஆயினும், கேட்க வேண்டும் என்ற வேட்கை, கேட்டது மெய்தானா என்ற ஐயத்தை விழுங்கிவிடலாகாது என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. காத்திருக்கும் ஆற்றலும் நேர்மையின் ஒரு கூறே.

இனி, கடினமான தடை ஒன்று உண்டு. “வயிறு நிறைந்தவன் காத்திருக்கலாம், லயத்தில் பிறந்தவள் எங்ஙனம் காத்திருப்பாள்?” இஃது உண்மையான தடை. செம்பனை மூன்றாம் ஆண்டளவில் குலை தரும். ரப்பர் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை கன்றைக் காக்கத் தோட்டம் பணம் செலவிடுகிறது. கன்று தன் செலவைத் தானே ஈட்டட்டும் என்று எவரும் சொல்வதில்லை. மரத்துக்குக் காட்டும் பொறுமையை நாம் நம் மக்களுக்குக் காட்டுகிறோமா? காத்திருப்பின் செலவை ஏழைத் தந்தை ஒருவரின் தோள்மேல் மட்டும் சுமத்துவது அநீதி. நம் சங்கங்களும் வசதி படைத்தோரும் அதில் பங்கேற்க வேண்டும். உதவிப்பணம் கொடுக்கும்போது, “எப்போது சம்பாதிப்பாய்?” என்பதையே முதற்கேள்வியாகக் கேட்கும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

விசுவேசுவரா தாயகம் திரும்பிய பின்னர், பெங்களூரில் எழுந்த ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநராக இருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டினார். அப்பிள்ளைகளுள் யார் என்ன ஆவார் என்று அவர் கணக்கெடுத்துக் கொண்டிருக்கவில்லை.

அப்பெண் இன்று பட்டர்வொர்த்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். தீபாவளிக்கு வரும்போது என்னைக் கண்டு புன்னகை செய்கிறாள். குடும்பம் நன்றாக இருக்கிறது. யான் கூறிய யோசனை தவறென்று என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. தவறு யோசனையில் இல்லை. அதன் விரைவில் இருந்தது. தந்தையின் வினாவுக்கு விடை சொன்னேன். மகளை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “நீ அறிய விரும்புவது என்ன, அம்மா?” என்று அன்று கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இனி ஒரு பிள்ளை என் வாசலுக்கு வருமானால், அதுவே என் முதற்கேள்வியாக இருக்கும். நேயர்களும் தத்தம் வாசலில் நின்று இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.