கண்ணீரும் ஸப்ரும்

பெரம்பலூரில் அண்மையில் நடந்த ஒரு ஜனாஸாவின்போது, தந்தையை இழந்த சிறுவனை நோக்கி, “ஆண்பிள்ளை அழலாமா? ஸப்ருச் செய்” என்றேன். அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். அன்றிரவு முதல் அச்சொல் என்னையே உறுத்தி வருகிறது.

ஸப்ரு என்பது அழாதிருத்தலா? யூஸுஃப் அத்தியாயத்தில் இருவகைக் கண்ணீர் உண்டு. தம்பியைக் கிணற்றிலிட்ட தமையன்மார் இரவு வேளையில் அழுதுகொண்டே தந்தையிடம் வந்தனர். அது பொய்க் கண்ணீர். அழகிய பொறுமையை மேற்கொண்ட யஃகூப் நபியவர்களோ (அலை) துயரால் கண்கள் வெளுத்துப் போகுமளவு வருந்தினார்கள். பொறுமையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் குடியிருந்தமை காண்க. மகனார் இப்ராஹீம் மறைந்தபோது பெருமானாரும் (ஸல்) கண்ணீர் உகுத்தார்கள், “தாங்களுமா?” என வியந்த தோழருக்கு, அது இரக்கம் என்றே விளக்கினார்கள். விலக்கப்பட்டது கன்னத்தில் அறைந்து, ஆடையைக் கிழித்து ஓலமிடுதலே. (நம் தெருக்களில் அது இன்னும் ஓயவில்லை என்பது வேறு செய்தி.)

நிற்க. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அச்சாவுகளைக் கேட்டும் நெஞ்சு கலங்காமல் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தால், அவரையா வலியவர் என்போம்? பிறர் துயரம் தைக்காத உள்ளத்தில் பொறுப்புணர்ச்சி எங்ஙனம் முளைக்கும்?

அச்சிறுவன் நேற்று மத்ரஸாவுக்கு வந்தான். முகம் கல்லாய் இறுகியிருந்தது. ஓதல் முடிந்ததும் அவனை அருகழைத்து, அவன் அத்தாவைப் பற்றிச் சொல்லும்படி கேட்டேன்.