கைமாறும் கருவியும் கைமாறாக் குரலும்

பொருளுக்கு விலை உண்டு. அப்பொருளோடு ஒட்டி வரும் எல்லாவற்றுக்கும் அவ்விலையே விலையாகுமா? வீட்டை வாங்குவோன் கிணற்றையும் தென்னையையும் சேர்த்தே வாங்குகிறான். பழைய நூலை வாங்குவோன், அதன் ஓரத்தில் முன்னவன் எழுதிய குறிப்பையும் பெறுகிறான். இவற்றில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால், பழைய டேப் ரிக்கார்டரை வாங்குவோன், அதன் சுருளில் தங்கியிருக்கும் அயலார் குரலையும் வாங்கிவிட்டானா என்னும் வினா அத்துணை எளிதன்று.

வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொள்ளும் இளைஞர்களை இன்று பெங்களூரில் காண்கிறோம். கணிப்பொறியில் எல்லாம் இயலும் இக்காலத்திலும், காந்த நாடாவில் பதிந்த ஒலிக்கு ஒரு கனிவு உண்டு என்பது அவர்கள் துணிபு. ஒலி மிகும்போது நாடா அதனை வெட்டென முறிக்காமல் மெல்ல அடக்கிக்கொள்வதால் அத்துணிபில் உண்மையும் உண்டு. எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலும், சிக்கப்பேட்டைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், இவ்வூர் மக்கள் குஜரி எனவும் நாம் காயலான் கடை எனவும் வழங்கும் இடங்களிலும் அவர்கள் குருண்டிக், அகாய், சோனி, ரெவாக்ஸ் என்று தேடி அலைகின்றனர். ஹெட் தேய்ந்துள்ளதா, ரப்பர் உருளை இறுகிவிட்டதா, பெல்ட் உருகிப் பசையாகிவிட்டதா என்று பார்த்துப் பேரம் பேசுகின்றனர். கருவி அமைந்துவிடும், நாடாவுக்கு எங்கே போவது? புதிய நாடா செய்வோர் இன்று உலகிலேயே மிகச் சிலர். அமெரிக்காவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரவழைக்க ஆகும் செலவு, சில வேளைகளில் கருவியின் விலையையே எட்டிவிடும். கடைக்காரரோ கருவியோடு பத்துப் பன்னிரண்டு பழைய ஸ்பூல்களை இலவசமாகவே தந்துவிடுகிறார். அறத்தின் சிக்கல் இவ்விலவசத்தில்தான் தொடங்குகிறது.

1928ஆம் ஆண்டு பிரிட்ஸ் புளூமர் என்பார் காகிதப் பட்டையில் இரும்புத் துகளைப் பூசிக் காந்த நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னெட்டோபோன் என்னும் கருவி வெளிப்பட்டது. அன்று முதல் இன்றுவரை அதன் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. மூன்று ஹெட் கொண்ட கருவியில், நாடா முதலில் அழிப்பு ஹெட்டையும், அடுத்துப் பதிவு ஹெட்டையும், இறுதியில் கேட்பு ஹெட்டையும் தொட்டுச் செல்கிறது. கேட்கும்போது அழிப்பு ஹெட் உறங்குகிறது. பதிவுப் பொத்தானை அழுத்திய கணமே விழித்துக்கொள்கிறது. ஆகவே இக்கருவியில் எழுதுவது என்றாலே முன்னதைத் துடைத்துவிட்டு எழுதுவதுதான். துடைக்கப்பட்டதை மீட்கும் வழி இல்லை.

துடைக்கப்படுவது யாது? அலசூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களும், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். ஆலைகளை நம்பி வந்து குடியேறிய குடும்பங்களும், கோலார் தங்கவயலிலிருந்து வேலை தேடி வந்தோரும் இந்நகரில் பலர். கடல் கடந்து சென்ற உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து டேப் ரிக்கார்டர் கொணர்ந்தால், அத்தெருவுக்கே அது திருவிழா. ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா; நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 32 நிமிடம். அந்த 32 நிமிடத்தில் என்னென்னவோ அடங்கின. எழுதத் தெரியாத தாய் வெளிநாட்டு மகனுக்குப் பேசி அனுப்பிய மடல், திருமண வீட்டுச் சந்தடி, குழந்தையின் மழலை, இழவு வீட்டு ஒப்பாரி. 1939இல் தொடங்கிய இராமசேவா மண்டலியினர் சாமராசப்பேட்டையில் நடத்தும் இராமநவமிக் கச்சேரி போன்றவற்றைப் பதிந்த இசையன்பர்களும் உண்டு. 1965இல் மறைந்த ஜி.என். பாலசுப்பிரமணியம், 1968இல் மறைந்த மதுரை மணி ஐயர் ஆகியோரின் கச்சேரிகள் பல நமக்குக் கிட்டியிருப்பது, இத்தகைய இசையன்பர்கள் தம் சொந்தச் செலவில் பதிந்து வைத்தமையால்தான். பெரும் பாடகரின் பதிவு என்றால் எவரும் பதறி எடுத்து வைப்பர். ஒப்பாரி பாடிய பெயர் தெரியாத கிழவிக்கு அப்பதற்றம் கிட்டுவதில்லை. வட ஆர்க்காட்டுச் சொல்லும் கன்னடச் சொல்லும் தெலுங்குச் சொல்லும் கலந்த அவள் தமிழ், அவள் பேரப் பிள்ளைகளின் நாவில் இன்று இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1741ஆம் ஆண்டு, கவிஞர் போப் தம் கடிதங்களை அச்சிட்ட கர்ல் என்னும் பதிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தார். கடிதம் பெற்றவருக்குத் தாள் சொந்தமாகலாம். அதில் உள்ள சொற்களை வெளியிடும் உரிமை எழுதியவருக்கே என்று தீர்ப்பாயிற்று. பண்டமும் அதில் உறையும் சொல்லும் வேறு வேறு உடைமைகள் என்னும் இத்தெளிவு நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கும் உடன்பாடே. ஆயினும் சந்தையில் வாங்கிய தாயின் குரல் மடலை அழிக்கலாமா என்று கேட்டால், சட்ட நூலைவிட நெஞ்சையே நாட வேண்டியிருக்கிறது.

மாற்றுரை கூறுவாரும் உளர். பேசியவர் நமக்காகப் பேசவில்லை. அயலான் கேட்பதைவிட அழிந்துபோவதையே அவர் விரும்பியிருக்கக்கூடும் என்பர். நாடாவே இல்லாத காலத்தில் எண்ணற்ற தலைமுறைகளின் குரல் காற்றோடு போனதால் உலகம் என்ன குறைந்துவிட்டது என்றும் கேட்பர். பெரிய நிறுவனங்களே அழிக்கவில்லையா என்பது அவர்தம் மூன்றாவது கணை. 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சியின் மூலப் பதிவு நாடாக்களே பின்னாளில் துடைத்துப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2009இல் நாசா அறிவித்தது உண்மைதான். ஆனால், பெரியோர் செய்தமையால் ஒன்று சரியாகிவிடாது. முதல் இரண்டு வாதங்களில் பொருள் உண்டு என ஒப்புகிறோம். எனினும், மறக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அக்குரலின் உறவுக்கு உரியது. குஜரிக் கடையில் பணம் கொடுத்தவன் கைக்கு அவ்வுரிமை எவ்வாறு வந்தது?

நம் முன்னோர் வழக்கு இங்கே வழிகாட்டும். சிதைந்த ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுத்துவிட்டு, பழையதை ஆற்றிலோ தீயிலோ இடுவது ஒரு முறை. முற்பகுதி மறந்து பிற்பகுதி மட்டும் எஞ்சியபோதுதான் கேடு விளைந்தது. கரிவலம்வந்தநல்லூரில் பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு உ.வே. சாமிநாதையர் துடித்ததை அவரது ‘என் சரித்திரம்’ சொல்லும். படியெடுத்தபின் அழித்தல் குற்றமாகாது என்பதே நம் கருத்தும். நாடாவில் உள்ளதைக் கணிப்பொறிக்கு மாற்றிவிட்டால், நாடாவை இளைஞர் தம் பாட்டுக்குப் பயன்படுத்தட்டும். பழமையைக் காப்பதற்காகப் புதியவன் பாடாமல் இருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு கேட்பது என்பது அடுத்த வினா. கேளாமல் எவருடையது என அறிய முடியாது. முழுவதும் கேட்டாலோ பிறர் வீட்டுச் சன்னலில் காது வைத்தவராவோம். ஊர், பெயர், உறவு இவை தெரியும் அளவுக்குக் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம்; எஞ்சியதை ஓடவிட்டுப் படியெடுக்கும்போது ஒலியைக் குறைத்துவிட்டால் போதும். இதில் கருவி அறிவும் வேண்டும். நான்கு தடமாகப் பதிந்த நாடாவை இரண்டு தடக் கருவியில் ஓட்டினால், மறுபக்கப் பேச்சு தலைகீழாகக் கலந்து வெறும் உளறலாகக் கேட்கும். உளறல் என்று தள்ளப்பட்ட நாடாக்கள் எத்தனையோ! மின்னோட்டச் சுழற்சியை நம்பி மோட்டார் ஓடும் அமெரிக்கக் கருவிகள் சில, அந்நாட்டு 60 சுழற்சிக்கு அமைந்தவை. இங்குள்ள 50 சுழற்சியில் ஆறில் ஐந்து பங்கு வேகமே ஓடும். சிகாகோவிலிருந்து மகள் பேசி அனுப்பிய நாடா அதில் ஆண் குரலாகத் தோன்றலாம். எழுபது, எண்பதுகளில் வந்த சில வகை நாடாக்கள் ஈரம் உண்டு பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை வலிந்து ஓட்டினால் பூச்சே உரிந்துவிடும். ஐம்பது டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் உலர்த்தித் தேறியபின் படியெடுப்பர். புளித்த காடி நாற்றம் வீசும் பழைய அசிட்டேட் நாடாவுக்கு அச்சூடு ஆகாது. அறிந்தவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய நாடாவில் கிடைத்த குரலைத் துண்டு துண்டாக வெட்டித் தம் இசையில் சேர்ப்பதை இன்றைய கலைஞர் சிலர் புதுமை என்கின்றனர். பறவைக் குரலையும் புகைவண்டி ஓசையையும் சேர்க்கட்டும். தன் மகனை நினைத்து விம்மிய ஒருத்தியின் குரலைத் தாளத்துக்கு ஏற்ற ஒலியாக்குவதை நாம் கலையென ஏற்கோம். அழிப்பதைவிட அது கொடிதென்றே கருதுகிறோம்.

உரியவரைக் கண்டுபிடிப்பது கடினம் என்பர். பெட்டியின் மேல் பென்சிலால் எழுதிய தெருப் பெயரும், திருமண அழைப்பிதழின் கிழிந்த துண்டும் சில வேளை போதுமானவை. அவற்றினும் பயன் தருவது கடைக்காரரின் நினைவு. எந்த வீட்டைக் காலி செய்தபோது இக்கருவி வந்தது என்பதை அந்த வாரம் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அடுத்த ஞாயிறு வேறு வீட்டுச் சாமான் வந்து குவிந்திருக்கும். ஆதலால் விலையைக் கேட்பதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்வது நன்று.