விதியை எழுதியது யார்?

ஆயுத பூஜைக்கு மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் தரையைப் பார்த்தே போக வேண்டும். பட்டறைக்குப் பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைபட்டு, குங்குமத்தோடு நசுங்கிக் கிடக்கும். திருஷ்டி கழிய உடைத்த காயில் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்த ஒரு பெரியவரை நானே தூக்கி உட்கார வைத்திருக்கிறேன்.

ஒரு ஆயுத பூஜை அன்று புதூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை எஸ்டேட்டில் ஒரு சிஎன்சி பட்டறையில் செட்டர். சாமி அலமாரிக்குக் கீழே பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். ஏழாவது படிக்கும் பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனாகச் செய்துகொண்டிருந்த ஒரு கேமில் வண்டி சுவரைத் தாண்டிப் போய்விடுகிறதாம். எங்கே தப்பு என்று காலையில்தான் பிடிபட்டிருக்கிறது. திருத்த முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதாம் மாமா."

"யார் சொன்னா?"

"அம்மா."

"அம்மாவுக்கு யார் சொன்னாங்க?"

"ஆயா."

"ஆயாவுக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அது ரூல் மாமா. அவ்ளோதான்."

ரூல் என்றால் தமிழில் விதி. இந்த ஒரு சொல்லுக்குள் நம் சமூகம் இரண்டு பொருளைப் போட்டு வைத்திருக்கிறது. ஆட்டத்தின் சட்டமும் விதி, தலையில் எழுதியதாகச் சொல்லப்படுவதும் விதி. முதலாவதை மனிதர்கள் கூடிப் பேசி மாற்றலாம். இரண்டாவதை மாற்ற முடியாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். மனிதன் எழுதிய சட்டத்தைத் தலையெழுத்து என்று நம்ப வைத்ததுதான் இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய மோசடி. சாதி அப்படித்தான் நின்றது. பெண்ணுக்கு இது கூடாது, அது கூடாது என்பதெல்லாம் அப்படித்தான் நின்றன. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டபோது அதுவும் ஒரு விதியாகத்தான் இருந்தது. 1924, 25-ல் பெரியாரும் மற்றவர்களும் அதைக் கேள்வி கேட்ட பிறகுதான், அந்த விதியை யாரோ எழுதினார்கள், எழுதியவர்களுக்கு ஒரு பெயரும் ஒரு லாபமும் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தது.

பிள்ளைகளுக்கு எந்த வீடியோ கேம் வாங்கித் தருவது என்ற கேள்வியை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். கண் கெடுமா, மார்க் குறையுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த விளையாட்டு என் பிள்ளையிடம் விதியை எதுவாகக் காட்டுகிறது? தலையெழுத்தாகவா, யாரோ எழுதிய, திருத்தக்கூடிய ஒன்றாகவா?

நம் வீட்டு விளையாட்டுகளையே எடுத்துக்கொள்ளலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தில் ஆடுகிறவர் எடுக்கும் முடிவு ஒன்றுகூடக் கிடையாது. தாயக்கட்டை உருள்கிறது, காய் நகர்கிறது. பாம்பு இருந்தால் இறங்க வேண்டும், ஏணி இருந்தால் ஏற வேண்டும். கட்டங்களுக்குப் பாவம் என்றும் புண்ணியம் என்றும் பெயர். பாவம் செய்யாமலே பாவத்தின் கட்டத்தில் போய் விழுகிற பிள்ளைக்கு அந்தப் பலகை என்ன சொல்லிக் கொடுக்கிறது? உன் நிலைக்கு நீ காரணமில்லை, ஆனால் தண்டனை உனக்குத்தான் என்கிறது. கர்மக் கோட்பாட்டை ஒரு துணியில் வரைந்து பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆடுபுலி ஆட்டம் வேறு மாதிரி. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் தனித்தனியாக நின்றால் வெட்டுப்படும், சேர்ந்து நின்றால் புலியை அடைத்துவிடலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் ஆடுகிறவர்தான் பொறுப்பு. இன்னொரு வசதியும் உண்டு. கோட்டைச் சுண்ணாம்புக்கட்டியால் நாமே போடுவதால், நாமே மாற்றிப் போடலாம். புலியை நாலாக்கினால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை கேட்ட அந்த நிமிடத்தில் அது விளையாடுகிற பிள்ளையாக இருந்ததோடு விளையாட்டைச் செய்கிற பிள்ளையாகவும் ஆகிவிடுகிறது.

தெரு கிரிக்கெட்டில் இதை ஒவ்வொரு நாளும் பார்த்தோம். திருமுல்லைவாயலிலும் கொரட்டூரிலும் பையன்கள் லண்டனில் எழுதிய சட்டப் புத்தகத்தைப் பார்த்தா ஆடினார்கள்? கோபக்காரத் தாத்தா வீட்டுக்குள் பந்து போனால் அவுட். ஒரு ஆள் மிச்சமானால் அவன் ஜோக்கர், இரண்டு டீமுக்கும் பேட்டிங் பிடிப்பான். சின்னத் தம்பி வந்தால் அவனுக்கு முதல் பால் ட்ரையல். ஒன் பிட்ச் கேட்ச் உண்டா இல்லையா என்று கால் மணி நேரம் சண்டை போட்டு முடிவெடுப்பார்கள். அந்தச் சண்டையை நான் மதிக்கிறேன். சட்டமன்றத்தில் நடக்க வேண்டியது அங்கே நடந்தது. இப்போது அந்தத் தெருக்களில் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. அந்தச் சண்டைகளில் பெண் பிள்ளைகளுக்குக் குரல் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெருவிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளை செல்போனுக்குள் போனது. அங்கே அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் பரமபதம்தான். டைமண்ட் டாப்-அப் செய், சக்கரத்தைச் சுற்று, பெட்டியைத் திற, அதிர்ஷ்டம் இருந்தால் துப்பாக்கிக்கு நல்ல உறை கிடைக்கும். கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் எத்தனை என்பதை ஏதோ ஒரு நிறுவனத்தில் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார். பிள்ளைக்கு அது தெரியாது. "இன்னிக்கு லக் இல்ல" என்கிறது. பழைய பரமபதம் இரவு முழுக்கக் கண்விழிக்க வைத்தது, புதியது பாக்கெட்டையும் சேர்த்துக் காலி செய்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2022-ல் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் விளையாட்டில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் நுழையக்கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாரும் ஆடக்கூடாது என்று 2025-ல் விதிமுறைகள் வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் எதைத் தொடாதே என்று மட்டும்தான் சட்டத்தால் சொல்ல முடியும். எதைத் தொடு என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்.

மாப்பிள்ளையின் பட்டறையில் ஒரு பாகுபாடு உண்டு. ஆபரேட்டர் மெட்டீரியலை மாட்டுவார், கதவைச் சாத்துவார், பச்சைப் பொத்தானை அமுக்குவார், பீஸ் வந்ததும் வெர்னியரில் அளந்து பார்ப்பார். ஜாப் மாறினால், டூல் மாறினால், ப்ரோகிராமில் கை வைக்க வேண்டுமென்றால் செட்டர் வர வேண்டும். மெஷின் ஒன்றுதான். ஒருவருக்கு அது பூட்டிய பெட்டி, இன்னொருவருக்குத் திறந்த புத்தகம். "ஆபரேட்டரா இருந்த ஆறு வருஷமும் மெஷின் என்னை ஓட்டுச்சு மச்சான்" என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னார். அப்படிச் சொன்னவர் வீட்டில்தான் அன்று லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்துத் தொடாதே என்றிருந்தார்கள். கருவியைக் கும்பிடுகிறவன் அதைத் திறந்து பார்க்க மாட்டான். எனக்கு வருத்தம் அதில்தான்.

பிள்ளை கணினியை ஆள வேண்டும், கணினி பிள்ளையை ஆளக்கூடாது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே வாதாடியவர் சைமர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இளமையில் நிறவெறியை எதிர்த்து நின்றவர். பிள்ளைகளுக்கான லோகோ மொழியை 1967-ல் உருவாக்கியவர்களில் ஒருவர். நிறத்தைப் பார்த்து ஒரு நாடே விதி எழுதுவதைக் கண்ணால் பார்த்த மனிதர், விதி எழுதும் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க நினைத்தார் என்பதில் எனக்கு வியப்பில்லை. அவர் வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து 2007-ல் ஸ்கிராட்சை வெளியிட்டது. காசு கிடையாது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் பூனை நடக்கும், பந்து குதிக்கும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். எனக்கு அதில் மிகப் பிடித்தது ஒரு பொத்தான். உலகத்தில் எந்தப் பிள்ளை பகிர்ந்த விளையாட்டாக இருந்தாலும் 'உள்ளே பார்' என்று அமுக்கினால் அதன் விதிகள் முழுவதும் கண்முன் வந்துவிடும். மாற்றி எழுதித் தன் பங்காக வெளியிடலாம்.

லேப்டாப் இல்லாத வீடுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். அவர்களுக்கு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த பாக்கெட் கோட் இருக்கிறது. சாதாரண ஆண்ட்ராய்டு செல்போனிலேயே விளையாட்டு செய்யலாம். எழுத்திலேயே நிரல் எழுதும் வயது வந்த பிள்ளைக்கு, தமிழ்ச் சொற்களிலேயே கட்டளை தருகிற 'எழில்' என்ற மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கி வைத்திருக்கிறார். ரோப்லாக்ஸும் பிள்ளைகளே விளையாட்டு செய்ய இடம் தருகிறதுதான். அதன் ஸ்டூடியோ நல்ல கருவி. ஆனால் அந்தப் பட்டறையை ஒட்டியே ஒரு கடை இருக்கிறது. செய்ய வந்த பிள்ளையைக் கடைக்கு இழுக்கிறார்கள், முன்பின் தெரியாதவர்கள் பேச்சுக் கொடுக்கவும் வழி இருந்திருக்கிறது. பெரியவர் பக்கத்தில் உட்காராமல் அதை நான் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மாட்டேன்.

நம் கல்வித்துறை இதை அறியாமல் இல்லை. 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகு 'காட்சித் தொடர்பு'. ஸ்கிராட்ச் அதில் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை, தனியார் பள்ளிப் பிள்ளை என்ற பேதமில்லாமல் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பக்கங்கள் போய்ச் சேர்ந்தன. எவ்வளவு பெரிய வாய்ப்பு! ஆனால் ஆவடியில் டியூஷன் எடுக்கும் ஒரு நண்பரின் வகுப்பில் நான் பார்த்தது வேறு. ஸ்பிரைட் என்றால் என்ன, நிரலைத் திருத்த எது பயன்படும் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையை மூன்று முறை சொல்ல வைத்தார்கள். அங்கிருந்த பதினாறு பேரில் ஒருவர்கூட அந்தப் பூனையைத் திரையில் பார்த்ததில்லை. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்வது போலத்தான் இது. ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கருவி வீட்டுக்கு வந்தது. திறந்து பார்க்கும் துணிச்சலை யாரும் கூடவே வைத்து அனுப்பவில்லை.

இன்னொரு மூடநம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். இது படித்தவர்களுடையது. ஊரடங்குக் காலத்தில், ஆறு வயதுப் பிள்ளை கோடிங் படித்தால் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் என்று விளம்பரங்கள் வந்தன. விளம்பரத் தர நிர்ணயக் கழகம் தலையிட்டுச் சிலவற்றை நிறுத்த வேண்டியதாயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகக் கட்டிடத்துக்குக் கட்டிடம் இன்றும் அப்படிப் பலகைகள் தொங்குகின்றன. விளையாட்டு செய்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கிற பெற்றோருக்கு என் பதில், தெரியாது என்பதுதான். வேலைக்காக இதைச் சொல்லவில்லை. பத்து வயதில் ஒரு விதியை எழுதி, அது இன்னொருவரை எப்படி ஆட்டி வைக்கிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளை, இருபது வயதில் "காலங்காலமா இப்படித்தான்" என்ற பேச்சைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்காது. எனக்கு வேண்டியது அந்தப் பிள்ளை.

இந்த எண்ணம் புதிதல்ல. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-ல் நிலப்பிரபு விளையாட்டு என்ற பொருளில் ஒரு பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் வகுத்த விதிகள் இரண்டு வகை. ஒன்றில் ஒருவர் செல்வம் சேர்த்தால் எல்லோருக்கும் பங்கு வரும். மற்றதில் ஒருவர் கொழிக்க மற்றவர்கள் ஓட்டாண்டி ஆவார்கள். பலகை ஒன்றுதான். இரண்டையும் ஆடிப் பார்க்கும் பிள்ளை, வறுமை எங்கிருந்து வருகிறது என்று தானே கண்டுபிடிக்கும் என்பது அவர் எண்ணம். பின்னால் வியாபாரிகள் கையில் இரண்டாவது வகை மட்டும் மோனோபொலியாக உலகம் சுற்றியது. நம் வீடுகளுக்கு பிசினஸ் என்றும் ட்ரேட் என்றும் வந்து சேர்ந்தது அதன் சாயல்தான். இன்னொரு விதி இருந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போயிற்று.

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி புதூர் போனேன். பையன் கேமைக் காட்டினான். சி.டி.எச். ரோடு, மழை. பாடியிலிருந்து ஆவடி வரை பள்ளத்திலும் மாட்டிலும் மோதாமல் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும். வண்டி இப்போது சுவரைத் தாண்டவில்லை. நான் டன்லப் வரைக்கும் போய்ச் செத்துப்போனேன். கம்பெனி பஸ் பிடிக்க தினமும் அந்த ரோட்டை நடந்தே கடக்கிற என் தங்கை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடக்கிறவங்க யாரையும் காணோமேடா?"

அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் பை மாட்டிய ஒரு பொம்மையை வரைந்து, ரோட்டோரம் நிறுத்தி, அம்மாவிடம் கொடுத்தான். அவள் கடக்கப் பார்த்தாள். லாரி அடித்தது. மறுபடி போனாள், பஸ் அடித்தது. ஏழு தடவை.

"இதுல கடக்கவே முடியாதாடா?"

"முடியாதும்மா. வண்டிங்க வேகம் அப்படி."

"அந்த வேகத்த யார் வெச்சா?"

பையன் திரையைப் பார்த்தான். பிறகு கட்டைகள் இருந்த பக்கத்தைத் திறந்து, பன்னிரண்டு என்றிருந்த எண்ணைத் தேடிப் பிடித்தான்.

"நான்தான்மா" என்று சொல்லி, அதை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டான்.